காகிதத்தைப் படிக்கத் தெரிந்த நியாயாதிபதி: திருவாரூர் முத்துசாமி ஐயரின் உத்தியோக வாழ்வு

ஊத்துக்கோட்டையில் ஒரு வரப்பைப் பற்றியோ, ஆரணியாற்றங்கரையிலுள்ள ஒரு வண்டிப்பாதையின் பாத்தியதையைப் பற்றியோ பங்காளிகளுக்குள் எழுகின்ற வியாஜ்யம், முதலில் இவ்வூர் முன்சீப் கோர்ட்டில் அசல் வழக்காகப் பதிவாகிறது. அங்கே வாதியும் பிரதிவாதியும் நேரில் நிற்கிறார்கள். சாட்சிக் கூண்டில் ஏறுகின்ற கிராம நிர்வாக அலுவலர் அடங்கலையும் 'அ' பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். குறுக்கு விசாரணையில் ஒரு முதியவர் தடுமாறினால், அந்தத் தடுமாற்றம் பொய்யினால் வந்ததா, மறதியினால் வந்ததா, அன்றி வக்கீலின் குரலுக்கு அஞ்சியதனால் வந்ததா என்பதை நீதிபதி தம் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. தோற்றவர் அப்பீல் செய்தால் கட்டு மேல் கோர்ட்டுக்குப் போகிறது. அங்கும் தோற்றவர், முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இதில் அடங்கியிருக்கிறதென்று சொல்லி இரண்டாம் மேல்முறையீடு செய்தால், அந்தக் கட்டு சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை உயர் நீதிமன்றத்தை அடைகிறது. ஒவ்வொரு படி ஏறும்போதும் மனிதர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கிவிட, இறுதியில் உச்சப் படியில் அமர்ந்திருப்பவரின் முன் வந்து சேர்வது வாக்குமூலங்களும் சான்றாவணங்களும் கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்புகளும் அடங்கிய காகிதக் கட்டு ஒன்றே.

அப்பீல் நீதிபதியின் தொழிலிலுள்ள கஷ்டம் இதுதான். அவர் வழக்காளியைப் பார்ப்பதில்லை, நிலத்தைப் பார்ப்பதில்லை, பிறர் பார்த்து எழுதிவைத்ததைப் படித்து, எழுதியவர் எதைக் கண்டார், எதைக் காணத் தவறினார் என்று ஊகித்தறிய வேண்டியவராகிறார். சட்ட ஞானம் மட்டும் இதற்குப் போதாது. அந்தக் காகிதம் எப்படிப் பிறக்கிறது, ஒரு கணக்குப்பிள்ளை அவசரத்தில் எழுதிய எழுத்தில் எங்கே பிழை நுழையும், ஒரு ரெவின்யூ அதிகாரியின் அறிக்கையில் எந்த வரி விசாரித்து எழுதியது, எந்த வரி விசாரியாமல் எழுதியது என்பதையெல்லாம் அநுபவத்தால் அறிந்திருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதன்முதலாக அமர்ந்த இந்திய நீதிபதியான சர் தி. முத்துசாமி ஐயரின் பெருமைக்குக் காரணம் அவர் முதல்வராக இருந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காகிதம் பிறக்கின்ற இடங்களிலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு அதைப் படிக்கின்ற ஆசனத்துக்கு அவர் வந்து சேர்ந்தது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் துணிபு.

அவர் 1832 ஜனவரி 28-ஆம் தேதி தஞ்சாவூர் ஜில்லாவில் உச்சுவாடி என்ற சிற்றூரில் மிக எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் இளமையிலேயே காலமானார். திருவாரூருக்குக் குடிபெயர்ந்த தாயாரும் பையன் தலையெடுக்கும் முன்பே மறைந்தார். பெயருக்கு முன் வருகின்ற தலைப்பெழுத்து அந்தத் திருவாரூரைக் குறிப்பதே. கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்த சிறுவனை, ஆற்றங்கரையில் ஏற்பட்ட உடைப்பு ஒன்றைப் பற்றிய தகவல் அவசரமாகத் தேவைப்பட்ட சமயத்தில், திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அனுப்பினாரென்றும், அவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து தெளிவான விவரங்களோடு சொன்ன பதிலைக் கேட்டு அவர் வியந்தாரென்றும் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். தெருவிளக்கின் கீழே படித்தவர் என்பது முதலாக அவரைப் பற்றி வழங்குகின்ற கதைகள் பல உண்டு. அவற்றையெல்லாம்விட இந்த உடைப்புக் கதையே எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது. கேள்விப்பட்டதைச் சொல்லாமல், போய்ப் பார்த்து வந்து சொல்லுகின்ற குணம் அந்த வயதிலேயே அமைந்திருந்ததென்பதற்கு அது அத்தாட்சி.

நாயக்கரின் ஆதரவால் நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியிலும், பின்பு சென்னை ஹைஸ்கூலிலும் அவர் படித்தார். பின்னாளில் பிரஸிடென்ஸி காலேஜாக வளர்ந்த அந்த ஹைஸ்கூலின் தலைவராயிருந்த ஈ. பி. பவல் அவரைத் தம் மாணவர்களுள் தலைசிறந்தவராகக் கருதினார். ராஜதானி முழுவதற்கும் பொதுவாக நடந்த ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசை 1854-இல் அவர் பெற்றார். மாதம் ஒரு ரூபாய்க்குக் கணக்கெழுதிய பையன் அந்த வேலையிலேயே இருந்திருந்தால், அத்தொகையைச் சம்பாதிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்.

ஆனால் அவருடைய உண்மையான கல்வி அதற்குப் பின்னரே தொடங்கியது. சிறிது காலம் ஆசிரியராகவும், தஞ்சாவூர்க் கலெக்டர் கச்சேரியில் ஆவணக் காப்பாளராகவும், பள்ளிகளின் உதவி இன்ஸ்பெக்டராகவும் இருந்துவிட்டு, சர்க்கார் புதிதாக ஏற்படுத்திய வக்கீல் பரீட்சையில் தேறித் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீபாக நியமனம் பெற்றார். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்று அதிக காலம் ஆகவில்லை. ஒரு கொடியின் கீழ் எழுதப்பட்ட பத்திரங்களுக்கு மற்றொரு கொடியின் கீழ்ப் பொருள் சொல்ல வேண்டிய ஊர் அது. நமது ஊத்துக்கோட்டைப் பகுதியினருக்கு இத்தகைய நிலைமை அந்நியமன்று. ஆந்திரத்தோடு செய்த எல்லைத் திருத்தம் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. நமக்கு வடக்கிலிருந்த கிராமங்கள் பல அந்தப் பக்கம் போயின. தாத்தா தமிழில் எழுதிய கிரயப் பத்திரத்துக்கும் சம்பந்தி தெலுங்கில் எழுதிய பாகப்பத்திரத்துக்கும் ஒரே வழக்கில் பொருள் காண வேண்டியிருக்கின்ற சிக்கலை இங்குள்ள வக்கீல் குமாஸ்தாக்கள் நன்கறிவார்கள்.

1859-இல் அவர் டெப்டி கலெக்டரானார். அப்போது ஜார்ஜ் நோபிள் டெய்லரின் தலைமையில் இனாம் கமிஷன் ராஜதானியெங்கும் வேலை செய்துகொண்டிருந்தது. கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் கிராம ஊழியர்களுக்கும் பிராமணர்களுக்கும் பழைய அரசர்கள் விட்ட மானிய நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்து, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, இப்போது யார் அநுபவிக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்து, உரிமையை ஊர்ஜிதம் செய்வதே அதன் வேலை. தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த விசாரணையில் முத்துசாமி ஐயர் பங்குகொண்டார். அந்தக் கமிஷன் உண்டாக்கிய இனாம் பதிவேடுகள் எழுதப்பட்டு நூற்றறுபது ஆண்டுகளாகியும் கோர்ட்டுகளில் உயிரோடிருக்கின்றன. அவை அலட்சியம் செய்யத்தக்க காகிதங்களல்ல, உரிய விசாரணைக்குப் பின் எழுதப்பட்டவையாதலால் மிகுந்த மதிப்புடைய சாட்சியம் என்று லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1919-இல் கருத்துத் தெரிவித்தது. கோயில் நிலமா தனியார் நிலமா என்ற வழக்கு திருவள்ளூர் ஜில்லாவில் இன்று எழுந்தாலும், இரு தரப்பு வக்கீல்களும் முதலில் நகல் கேட்டு விண்ணப்பிக்கும் ஆவணங்களுள் இனாம் பதிவேடும் ஒன்று. பிற்காலத்தில் பிறர் எழுதிய பதிவேட்டைப் பரிசீலிக்கப் போகின்ற நீதிபதி, தாமே அத்தகைய பதிவேட்டை உட்கார்ந்து எழுதினார் என்பதை நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எந்தக் கேள்விக்கு ஊரார் உண்மையைச் சொல்வார்கள், எந்தக் கேள்விக்கு மௌனம் சாதிப்பார்கள் என்ற ஞானம் சட்டப் புத்தகத்தில் கிடைப்பதன்று.

1865-இல் பிரதான சதர் அமீன் என்ற பதவியில் அவர் மங்களூருக்குப் போனார், மூன்றாண்டுகள் அங்கிருந்தார். தென் கன்னடத்தில் பல சமூகத்தாரிடம் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாமல் தாய்வழியாகச் சகோதரியின் மகனுக்கு இறங்குகின்ற அளியசந்தான வழக்கம் நிலவியது. தஞ்சாவூரில் ஸ்மிருதிகளின் சூழலில் வளர்ந்தவருக்கு, ஹிந்துக்கள் என்று ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றவர்களுக்குள் குடும்பமென்ற அமைப்பே வேறு வேறாக இருக்கக்கூடும் என்பது அங்கே நேரடியாகத் தெரிந்தது. 1868-இல் சென்னைக்குத் திரும்பிப் போலீஸ் மாஜிஸ்திரேட்டானார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே பி.எல். பட்டம் பெற்றார், பின்பு ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியானார்.

இந்த வரிசை சட்டத்தோடு எப்படிப் பொருந்தியது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1861-ஆம் ஆண்டின் ஹைகோர்ட்டுச் சட்டத்தின்படி, நீதிபதிகளில் மூன்றிலொரு பங்கினர் பாரிஸ்டர்களாகவும், மூன்றிலொரு பங்கினர் சிவில் சர்வீஸ்காரர்களாகவும் இருக்க வேண்டும். அந்த நாளில் இவ்விரு வாயில்களும் பெரும்பாலும் வெள்ளையருக்கே திறந்திருந்தன. ஆனால் பிரதான சதர் அமீன் அல்லது ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதி பதவிக்குக் குறையாத நியாய உத்தியோகத்தை ஐந்தாண்டுகள் வகித்தவரும் அருகர் என்று அதே சட்டம் ஒரு வாசகத்தைச் சேர்த்திருந்தது. மங்களூரும் ஸ்மால் காஸ் கோர்ட்டும் அவருக்கு அந்த வாயிலைத் திறந்தன. சீமைக்குப் போகாமலும் பாரிஸ்டராகாமலும், இந்நாட்டுக் கச்சேரிகளில் படிப்படியாக ஏறியே அவர் 1878-இல், தமது நாற்பத்தாறாம் வயதில், ஹைகோர்ட்டு ஆசனத்தை அடைந்தார். கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863-இலேயே நீதிபதியாகியிருந்தார். சென்னைக்கு அந்தப் பாக்கியம் பதினைந்து ஆண்டுகள் கழித்து வாய்த்தது.

அந்த நியமனத்தைச் சென்னையிலிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்வதற்கு இந்தியர் கையில் ஒரு பத்திரிகைகூட இல்லையே என்று மனம் வெதும்பிய ஆறு இளைஞர்கள், ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் முன்னிற்க, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டு 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி வெளியிட்டதுதான் 'தி ஹிந்து'. ஒரு நீதிபதியின் நியமனத்தைக் காக்கப் பிறந்த பத்திரிகை இன்றளவும் நிலைத்திருப்பது, அந்த நியமனம் அன்றைய தமிழ் மக்கள் மனத்தில் எத்தனை ஆழமாகப் பதிந்ததென்பதைக் காட்டுகிறது. முத்துசாமி ஐயரோ பத்திரிகைகளுக்குப் பதில் எழுதவில்லை. தீர்ப்புகளை எழுதினார்.

அவர் வந்தமர்ந்த சமயம் சென்னை ஹைகோர்ட்டின் ஹிந்து தர்ம சாஸ்திர நிர்வாகமே கேள்விக்கு உள்ளாகியிருந்த சமயம். மதுரை நாட்டைப் பற்றிப் பெரிய நூலொன்று எழுதிய சிவில் சர்வீஸ்காரரான ஜே. எச். நெல்சன், 1877-இல் வெளியிட்ட நூலில், சம்ஸ்கிருத ஸ்மிருதி நூல்களில் உள்ளதைத் தமிழ்நாட்டின் எல்லா ஜாதியாருக்கும் சட்டமாகச் சுமத்துவது அநீதி என்று வாதாடினார். அந்த நூல்களைக் கேள்விப்பட்டும் இராத குடியானவர்களின் வழக்கமே அவர்களுக்குச் சட்டம் என்பது அவர் கட்சி. ஹைகோர்ட்டு நீதிபதி இன்ஸ் அதற்கு மறுப்பு எழுதினார். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய சாஸ்திரத்தை மீறி நிற்குமென்று ராமநாதபுரம் வழக்கில் பிரிவி கவுன்சில் 1868-இலேயே தீர்மானித்திருந்தும், வழக்கத்தை நிரூபிப்பது எப்படி என்ற கேள்வி தீராமலே இருந்தது. இந்தச் சர்ச்சையின் நடுவே, சாஸ்திரத்தை மூலத்தோடு நெருங்கி அறிந்தவரும், குடியானவனின் வழக்கத்தைக் கணக்குச் சாவடியிலும் இனாம் விசாரணையிலும் கண்டவருமான ஒருவர் ஆசனத்தில் இருந்தது அந்த நீதிமன்றத்துக்கு வாய்த்த பேறு. சாஸ்திரத்தை ஒதுக்க நெல்சன் சொன்னார். சாஸ்திரமே போதுமென்று பிறர் சொன்னார்கள். முத்துசாமி ஐயரின் தீர்ப்புகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக எடைபோடுகின்ற முறையில் அமைந்தன.

தந்தை பட்ட கடனுக்காகக் குடும்பச் சொத்து ஏலம் போனால் மகன்களின் பங்கும் போய்விடுமா என்ற பிரச்சினை 1881-இல் பொன்னப்ப பிள்ளை வழக்கில் முழு அமர்வின் முன் வந்தபோது, அங்கமர்ந்த நீதிபதிகளுள் அவரும் ஒருவர். தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனுக்கு ஆன்மிகக் கடமை என்ற சாஸ்திரக் கொள்கை, வட்டிக்கடைக்காரரின் டிக்ரியாக மாறி ஒரு குடியானவக் குடும்பத்தின் நன்செயைக் கொண்டுபோகின்ற விந்தையை நேர்முகமாகச் சந்தித்த வழக்கு அது. அவர் ஆசனத்தில் இருந்த காலத்திலேயே, 1889-இல், அதே நீதிமன்றம் தீர்த்த ரங்கநாயகம்மாள் வழக்கையும் இங்கே நினைக்க வேண்டும். பதின்மூன்று வயது விதவைச் சிறுமி ஒருத்தி, தாங்கள் காட்டும் பையனைத் தத்தெடுக்கச் சம்மதித்தாலன்றிக் கணவனின் சவத்தை எடுக்க விடமாட்டோம் என்று உறவினர்கள் தடுத்து நின்றதனால் சம்மதித்தாள். அந்தத் தத்து அவளைக் கட்டுப்படுத்தாதென்று கோர்ட்டு தீர்மானித்தது. சட்டக் கல்லூரியில் படிப்பவர்கள் இன்றும் இவ்வழக்கைப் படிக்கிறார்கள். பிணம் கிடக்கின்ற வீட்டில் ஒரு சிறுமியின் சம்மதத்துக்கு என்ன பெறுமதி என்பதை, கூடத்தில் நிற்காத நீதிபதிகள் காகிதத்திலிருந்தே உணர்ந்தார்கள்.

இரண்டாம் மேல்முறையீட்டில் ஒரு நீதிபதிக்குள்ள அதிகாரம் குறுகியது. அவர் காலத்தில் வழங்கிய 1877, 1882-ஆம் ஆண்டுகளின் சிவில் நடைமுறைச் சட்டங்களும் சரி, பின் வந்த 1908-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, சட்டப் பிழை அல்லது நடைமுறைக் குறைபாடு இருந்தாலன்றி, நடந்த சங்கதிகளைப் பற்றிக் கீழ்க் கோர்ட்டு கண்ட முடிவில் தலையிட அவருக்கு இடம் தரவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலை இன்னும் குறுக்கிற்று. ஆகவே எது சங்கதி, எது சட்டம் என்று பிரிக்கின்ற கோடே வழக்கின் உயிர்நாடியாகிறது. முன்சீப் தவறாகப் புரிந்துகொண்ட பத்திரத்தின் வாசகம் சட்டப் பிழை. அவர் நம்பாத சாட்சியோ சங்கதி. மூலப் பத்திரம் தமிழிலோ தெலுங்கிலோ இருக்க, ஹைகோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தந்த ஆங்கில வாசகத்தை நம்பியே ஆங்கிலேய நீதிபதி கோடு கிழிக்க வேண்டியிருந்தது; தமிழ்ப் பத்திரத்தின் மூலத்தைத் தாமே எடுத்துப் படிக்கக்கூடிய சக நீதிபதி ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்ததனால் எத்தனை எளிய குடும்பங்களின் நிலம் தப்பியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது.

மலபாரில் தாய்வழிச் சொத்துரிமை கொண்ட மருமக்கத்தாயக் குடும்பங்களில் வழங்கிய சம்பந்தம் என்ற உறவைச் சட்டப்படி விவாகமாக்க வேண்டுமென்று சி. சங்கரன் நாயர் கொண்டுவந்த மசோதாவை ஆராய 1891-இல் கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டது; அதன் தலைவர் முத்துசாமி ஐயர். சங்கரன் நாயரும், 'இந்துலேகா' என்ற நாவலை எழுதிய ஓ. சந்து மேனோனும் அங்கத்தினர்கள். சம்பந்தமே விவாகந்தான், அதற்குச் சட்டத்தின் முத்திரை வேண்டியதில்லை என்று சந்து மேனோன் மாறுபட்டார். தலைவரும் பெரும்பான்மையோருடைய கருத்தோடு முழுவதும் ஒன்றாமல் தனிக் குறிப்பு எழுதினார். மங்களூரில் தாய்வழிக் குடும்பங்களின் வியாஜ்யங்களை முதற்படியில் விசாரித்தவர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு, சமூகத்தின் மனத்தை அறியாமல் அவசரச் சட்டம் செய்வதில் அவர் காட்டிய தயக்கம் வியப்பளிக்காது. 1896-இல் நிறைவேறிய மலபார் விவாகச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டவர்கள் மிகச் சிலரே.

1892 ஜூலை 12-ஆம் தேதி ஹைகோர்ட்டு இப்போதுள்ள செங்கல் மாளிகைக்குக் குடியேறியது. மறுவருஷம் மூன்று மாதங்கள் பிரதம நீதிபதியாக அவர் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். சென்னையில் அந்தப் பொறுப்பை வகித்த முதல் இந்தியரும் அவரே. சர் பட்டமும் அந்த ஆண்டிலேயே வந்தது. 1895 ஜனவரி 25-ஆம் தேதி, அறுபத்து மூன்று வயது நிறைய மூன்று நாட்கள் இருக்கையில், பதவியிலிருக்கும்போதே காலமானார்.

அவர் இடத்துக்கு வந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் மகாமேதை. பின்னாளில் தேசத்துக்காக சர் பட்டத்தையே துறந்தவர். ஆயினும் அவர் வக்கீல் தொழிலிலிருந்து நேரே வந்தவர். அவரைத் தொடர்ந்த பாஷ்யம் ஐயங்கார், சங்கரன் நாயர், கிருஷ்ணசாமி ஐயர், சுந்தர ஐயர் முதலியோரும் அப்படியே. இவர்களின் அறிவாற்றலைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் கிராமக் கணக்கிலிருந்து முன்சீப், இனாம் விசாரணை, சதர் அமீன், மாஜிஸ்திரேட் என்று ஒவ்வொரு படியிலும் நின்று ஏறுகின்ற மார்க்கம் முத்துசாமி ஐயரோடு ஏறக்குறைய அடைபட்டுவிட்டதென்பதை எடுத்துச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இது பழங்கதையென்று ஊத்துக்கோட்டை வட்டாரத்தார் ஒதுக்கிவிட முடியாது. அவர் மறைவதற்கு முந்தின வருஷம் பிறந்த 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டந்தான், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, இப்பகுதியின் நில எடுப்புகளுக்குப் பெரும்பாலும் ஆதாரமாயிருந்தது. 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வெட்டப்பட்டு 1996-இல் ஊத்துக்கோட்டை வழியாகத் தண்ணீர் கொண்டுவந்த கிருஷ்ணா கால்வாய், கும்மிடிப்பூண்டியில் எழுந்த சிப்காட் வளாகம், கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம் இவற்றுக்கெல்லாம் நிலம் வேண்டியிருந்தது. நஷ்டஈடு போதாதென்று கருதுகின்றவர் கீழ்க் கோர்ட்டுக்குப் போக, அதன் தீர்ப்பின்மேல் அப்பீல் அச்சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி ஹைகோர்ட்டுக்கே சென்றது. அங்கே தீர்மானிக்க வேண்டியது, பக்கத்துச் சர்வே எண்ணில் நடந்த விற்பனை உண்மை விலையா, முத்திரைக் கட்டணத்துக்காகக் குறைத்து எழுதிய விலையா, மானாவாரி என்று அடங்கலில் கண்ட நிலம் மெய்யாகவே மானாவாரிதானா என்பது போன்ற கேள்விகள். அடங்கல் எழுதப்படுவதைக் கண்ணால் கண்டறியாத ஒருவர், இந்தக் கேள்விகளின் முன் அந்தக் காகிதம் சொன்னதையே சத்தியமாகக் கொள்ள நேரிடும்.

அரசியலமைப்பின் 217-ஆம் பிரிவு, பத்தாண்டு நியாய உத்தியோகம் பார்த்தவரையும், பத்தாண்டு வக்கீல் தொழில் செய்தவரையும் உயர் நீதிமன்றத்துக்கு ஒருங்கே அருகராக்குகிறது. நடைமுறையில் மூன்றில் இரு பங்கு வக்கீல்களிடமிருந்தும், ஒரு பங்கு கீழ் நியாய உத்தியோகத்திலிருந்தும் நியமிக்கப்படுகிறது. ஆனால் முன்சீபாகத் தொடங்கியவர் சார்பு நீதிபதியாகி, ஜில்லா நீதிபதியாகி, அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும்போது பெரும்பாலும் ஐம்பதுகளின் பிற்பகுதியை எட்டிவிடுகிறார், அறுபத்திரண்டில் ஓய்வு. முத்துசாமி ஐயருக்குக் கிடைத்த பதினேழு வருஷங்களுக்குப் பதிலாக மூன்று நான்கு வருஷங்களே இவருக்குக் கிடைக்கின்றன. ஒரு துறையின் வழக்குகளில் தம் அநுபவத்தைத் தீர்ப்புகளாக நிலைநாட்டுவதற்குள் விடைபெறுகிறார். கீழ் நியாய உத்தியோகத்தில் சிறந்தவர்களை நாற்பத்தைந்து வயதுக்குள் மேல் ஆசனத்துக்குக் கொண்டுவர வழிசெய்தால், ஊத்துக்கோட்டை போன்ற சிற்றூரின் கோர்ட்டில் இன்று அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு கிராம அலுவலரைக் கேள்வி கேட்கின்ற இளம் முன்சீப், இருபதாண்டு கழித்து அதே வட்டாரத்தின் அப்பீல் கட்டுகளைச் சென்னையில் திறந்து, பதினைந்து வருஷங்களாவது படிக்க முடியும்.